மண் இளக்கம்

பதினான்காம் மைலில் கோடு வளைகிறது.
மலையில்லை அங்கே, ஏரியில்லை,
பாறைகூட இல்லை. கிருஷ்ணகிரியில்
பாறையில்லாத இடம் கிடைப்பதே அபூர்வம்.
துணி ஒட்டிய பழைய வரைபடத்தில்
நேராக வந்த சிவப்பு மை
எதிரே கடன் கொடுத்தவரைக் கண்டவன்போல
சட்டென்று ஒதுங்கிப் போகிறது.

காரணம் என்ற கட்டத்தில் இரண்டே சொல்:
மண் இளக்கம்.
கீழே ஒப்பந்ததாரர் கையெழுத்து,
முனிரத்தினம் நாயுடு, தெலுங்கில்.

ஊரில் யாரும் அதை நம்பியதில்லை.
வளைவின் அந்தப் பக்கம் நாயுடுவின் புளியந்தோப்பு,
இருநூற்றுப் பத்து மரம்.
புளி போக வண்டி வேண்டும்,
வண்டி வரத் தண்டவாளம் வேண்டும்,
சர்க்கார் பணத்தில், பஞ்ச நிவாரணக் கணக்கில்.
சின்ன ரயில்தான்.
ஏற்றத்தில் இறங்கி ஒன்றுக்குப் போய்விட்டு
ஓடிப்போய் ஏறிக்கொள்ளலாம் என்பார்கள்.
ஆனாலும் அது போன பக்கம்தான் ஊரானது.

கொத்தூருக்கு ஸ்டேஷன்.
ஆறே மாதத்தில் செவ்வாய்ச் சந்தை அங்கே பெயர்ந்தது.
சந்தைக்குப் பின்னால் சாராயக்கடை,
சாராயத்துக்குப் பின்னால் போலீஸ்,
ஒருவழியாய்க் கடைசியில் பள்ளிக்கூடம்.
மூன்று மைல் தள்ளி மேல்கரடியூர்
புகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.
அந்த ஊருக்குப் பெண் கொடுக்க
இன்னமும் யோசிக்கிறார்கள்,
என்றோ ஒரு பென்சில்
அந்த வழியே போகாததால்.

யுத்தம் வந்து தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள்.
கப்பலேறியதாகக் கேள்வி,
எங்கே இறங்கியதோ.
வளைவை யாரும் ஏற்றிப் போகவில்லை.
அதே மேட்டில் தார் ஊற்றினார்கள்,
அதன்மேலேயே மின்கம்பம் நட்டார்கள்.
பர்கூர் பஸ் அங்கே திரும்பும்போது
எதிரே ஏதோ வருவதுபோல
இன்றும் ஹாரன் அடிக்கிறது.

நான் நில எடுப்புப் பிரிவில் சர்வேயர்.
அகலப்பாதைக்கு மறுபடியும் அளவு.
'நேராப் போடுங்க மேடம்,
இது நாயுடு காலமில்ல' என்றார் என்ஜினீயர்.
எனக்கும் அந்த ஆசை இருந்தது.
நூறு வருஷத்துக்கு மேலான திருட்டை
ஓர் அடிக்கோல் வைத்து நிமிர்த்திவிட.

நேர்கோட்டில் நடந்தோம்.
சீமைக்கருவேலம், பிறகு வெட்டவெளி.
செயின்மேன் கெம்பராஜ் கடப்பாரையை ஓங்கினார்.
எங்கள் மண்ணில் கடப்பாரை தீப்பொறி கக்கும்.
இங்கே
சூட்டுக் களியில் விரல்போல
முழங்கால் ஆழம் இறங்கியது.

புல்லுக்குள் கற்கள்.
ஒன்றுக்கொன்று ஆறடி இடைவெளி,
சில இடத்தில் மூன்றடி.
பெயர் வெட்டவில்லை,
உளி பட்ட தழும்பு மட்டும்.

ஃபைலின் பின்பக்கம் கூலிப்பட்டியல் இருந்தது,
இதுவரை நான் புரட்டாத பக்கம்.
சென்னம்மா, ஒரு படி கம்பு.
குள்ளன், ஒரு படி.
மாரப்பன், ஒரு படி.
தொட்டம்மா, ஒரு படி,
கைக்குழந்தைக்குக் கால் படி.
ஒரு வாரத்தில் நாற்பத்தோரு பெயரில் அடித்தல்.
ஓரத்தில் வாந்திபேதி என்று ஒரு முறை எழுதி
மற்றதற்கெல்லாம் மேற்படி, மேற்படி.
மை அதே சிவப்பு.

புளிக்காக வளைத்துவிட்டு
மிஞ்சிய நிலத்தில் இவர்களைப் போட்டாரா,
இவர்களைப் போட்டதால் வளைத்தாரா,
தோப்பு அந்தப் பக்கம் இருந்தது
வெறும் அதிர்ஷ்டமா,
ஃபைலில் இல்லை.
நாயுடுவை மன்னிக்கும் அவசரம்
எனக்கும் இல்லை.
ஒரு படி கம்புக்கு ஒரு நாள் ஜல்லி
என்று கணக்குப் போட்ட கைதான் அது.

பென்சிலைச் சீவிக்கொண்டேன்.
கெம்பராஜ் டீ வாங்கிவந்தார், ஆறிப்போயிருந்தது.
என் கோடும் பதினான்காம் மைல் வரை நேராக வந்து
வளைந்தது.
காரணம் என்ற கட்டத்தில்
மண் இளக்கம் என்று எழுதி
கீழே கையெழுத்திட்டேன், தமிழில்.

வளைவு போய்த் தொடும் இடத்தில்
புளியந்தோப்பு இப்போது இல்லை,
ஒரு மாங்கூழ் ஆலை இருக்கிறது.
முதலாளி போன மாதம் ஆபீஸுக்கு
ஒரு கூடை அல்போன்சா அனுப்பியிருந்தார்.
நான் தொடவில்லை.
ஊர் நம்பாது.